ஐந்தில் மூன்று: அந்தக் கணக்கு யாருக்காக?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். அமெரிக்க அரசியல் சாசனம் உருவான கதையைப் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். உழைத்து எழுதியிருக்கிறார் கட்டுரையாளர். ஆனால், அடிமைகளை முழு மனிதராக மதிக்காமல் ஐந்தில் மூன்று பங்காக மட்டுமே சாசனம் மதித்தது என்று அவர் எழுதியிருப்பது என்னை உறுத்துகிறது. வகுப்பறையில் நானும் பல ஆண்டுகள் இப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். ஐந்தில் ஐந்தாக எண்ணியிருந்தால் அவர்களுக்கு நியாயம் கிடைத்திருக்கும் என்ற எண்ணத்தை இது மாணவர் மனத்தில் பதித்துவிடுகிறது. நடந்தது இதற்கு நேர்மாறு.

சாசனத்தை எழுத 1787ஆம் ஆண்டு கோடையில் ஃபிலடெல்ஃபியாவில் கூடிய மாநாட்டில், அடிமைகளை ஒருவர் விடாமல் முழுதாக எண்ண வேண்டும் என்று வாதாடியவர்கள் தென் கரோலினாவின் தோட்ட முதலாளிகள். பிரதிநிதிகள் சபையில் ஒரு மாநிலத்துக்கு எத்தனை இடம் என்பதை மக்கள்தொகைதான் தீர்மானிக்கும். வாக்கே இல்லாத அடிமையைக் கணக்கில் சேர்த்தால், அவருக்குரிய பலமும் எஜமானர்களின் கைக்கே போகும். எண்ணவே கூடாது என்றவர்கள் வடக்கில் இருந்தார்கள். நான்கு ஆண்டுகளுக்கு முன், மாநிலங்கள் செலுத்த வேண்டிய வரிப் பங்கைக் கணக்கிடும் பேச்சு வந்தபோது இதே தென்மாநிலங்கள் அடிமைகளைக் குறைத்து எண்ணச் சொல்லிப் போராடின. ஐந்தில் மூன்று என்ற விகிதமே அந்த 1783 வரிப் பேரத்தில் பிறந்ததுதான். வரி என்றால் குறைத்துக் காட்டு, அதிகாரம் என்றால் கூட்டிக் காட்டு!

பென்சில்வேனியாவின் பிரதிநிதி கவர்னர் மோரிஸ் (கவர்னர் என்பது அவர் பெயர், பதவி அல்ல) அந்த அவையிலேயே கேட்டார்: இவர்கள் மனிதர்கள் என்றால் குடிமக்களாக்கி வாக்குரிமை கொடுங்கள்; சொத்து என்றால் வேறு எந்தச் சொத்தும் கணக்கில் வராதபோது இது மட்டும் ஏன்? அந்தக் கேள்விக்கு யாரும் நேர்மையான பதில் சொல்லவில்லை.

விளைவு என்ன? 1790 கணக்கெடுப்பில் வர்ஜீனியாவின் சுதந்திர மக்கள் சுமார் நாலரை லட்சம். பென்சில்வேனியாவிலோ சுமார் நான்கு லட்சத்து முப்பதாயிரம். ஏறத்தாழச் சமம். ஆனால் 1800 அதிபர் தேர்தலில் அதிபரைத் தேர்ந்தெடுக்கும் தேர்வாளர்கள் வர்ஜீனியாவுக்கு 21 பேர், பென்சில்வேனியாவுக்கு 15 பேர்; பிரதிநிதிகள் சபை இடங்களை ஒட்டியே இந்த எண்ணிக்கையும் அமையும். வர்ஜீனியாவின் அடிமைகள் ஏறத்தாழ 2,92,000 பேர்; வித்தியாசம் அங்கிருந்து வந்தது. அந்தத் தேர்தலில் வர்ஜீனியாவின் ஜெஃபர்சன் 73க்கு 65 என்று ஆடம்ஸை வென்றார். முதல் 36 ஆண்டுகளில் 32 ஆண்டுகள் அதிபர் பதவியில் இருந்தவர்கள் வர்ஜீனியாவைச் சேர்ந்த அடிமை உரிமையாளர்களே.

இரு தரப்பும் விட்டுக்கொடுத்ததால் நாடு பிறந்தது என்கிறது கட்டுரை. தென்கோடி மாநிலங்கள் ஒன்றியத்தில் சேராமல் போய்விடும் என்ற அச்சம் உண்மையானது; அதை நான் மறுக்கவில்லை. ஆனால் யார் எதை விட்டுக்கொடுத்தார்கள்? கப்பல் தொழிலில் வாழ்ந்த நியூ இங்கிலாந்து எனப்படும் வடகிழக்கு மாநிலங்களுக்கு, வணிகச் சட்டங்களைச் சாதாரணப் பெரும்பான்மையிலேயே நிறைவேற்றும் வசதி தேவைப்பட்டது. அது கிடைத்தது. பதிலுக்கு, ஆப்பிரிக்காவிலிருந்து மனிதர்களைப் பிடித்துவரும் வணிகத்தை 1808 வரை நாடாளுமன்றம் தடுக்க முடியாது என்று எழுதினார்கள். அந்த ஆண்டுவரை அந்தப் பிரிவைத் திருத்தவும் முடியாதபடி பூட்டுப் போட்டார்கள். இருபது ஆண்டு அவகாசமே எல்லாத் தீங்குகளையும் விளைவித்துவிடும் என்று வர்ஜீனியாவின் பிரதிநிதி மேடிசன் எச்சரித்தும் பயனில்லை. கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பது என்போம். அங்கே உடைத்தது தேங்காயை அல்ல.

இவ்வளவையும் எழுதியவர்கள் ‘அடிமை’ என்ற சொல்லை மட்டும் தவிர்த்தார்கள். ‘மற்ற எல்லா நபர்கள்’ என்றார்கள். 1865இல் அடிமைமுறையை ஒழித்த பதின்மூன்றாம் திருத்தத்தில்தான் ‘அடிமைமுறை’ என்ற சொல்லே முதன்முதலாக இடம்பெறுகிறது.

அந்த ‘மற்ற நபர்’களில் ஒருவர் பெயராவது கட்டுரையில் வந்திருக்கலாம். ஓனா ஜட்ஜ் என்ற பெண் முதல் அதிபர் ஜார்ஜ் வாஷிங்டன் குடும்பத்தின் அடிமை. தப்பியோடும் அடிமைகளை மீட்டுக்கொடுக்க வேண்டும் என்ற சாசனப் பிரிவை நடைமுறைப்படுத்தும் சட்டத்தில் 1793இல் கையெழுத்திட்டவர் அதே வாஷிங்டன். 1796இல், சாசனம் எழுதப்பட்ட அதே ஃபிலடெல்ஃபியாவில், அதிபர் மாளிகையில் எல்லோரும் உணவருந்திக்கொண்டிருந்தபோது ஓனா வெளியேறி, கப்பலேறி நியூ ஹாம்ப்ஷயர் போய்ச் சேர்ந்தார். ஆளனுப்பியும் அவர் திரும்பவில்லை. 1848இல் இறக்கும்வரை சட்டத்தின் பார்வையில் அவர் ஓர் அடிமையே. கட்டுரையாளர் இந்தத் தொடரைத் தொடர்வதாக இருந்தால், அடுத்த பகுதியை ஓனாவிலிருந்து தொடங்கும்படி அவரிடம் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை,
தஞ்சாவூர்