ஊசி வாங்குமுன் ஒரு வார்த்தை

பாளையங்கோட்டை,
பங்குனி 20

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கண்டேன். பேரனுக்கென்று வாங்கிய மாருத் போர்விமான மாதிரியை அவன் தொடுமுன் நீயே ஒட்டி முடித்துவிட்டாய் என்பதில் எனக்கு வியப்பில்லை. காற்றால் வண்ணத்தைப் பீய்ச்சும் ஏர்பிரஷுக்கு 0.2 மில்லிமீட்டர் ஊசியா, 0.3 ஊசியா என்று கேட்டிருந்தாய். 0.3 வாங்கு.

ஊசி மெலிந்தால் கோடும் மெலியும் என்று நம்பி நான் முதலில் வாங்கியது 0.2. இந்த வெயிலில், மாடி அறையில், அக்ரிலிக் வண்ணம் ஊசி முனையிலேயே காய்ந்து பொட்டாக ஒட்டிக்கொண்டது. சற்று நேரம் ஒன்றும் வராமல், பிறகு திடீரென்று இறக்கையெங்கும் புள்ளிகளாகத் தெறித்தது. துடைப்பதற்காக ஊசியை உருவும்போது கைதவறித் தரையில் விழுந்தது. கண்ணுக்கு வளைவு தெரியவில்லை. முனையை நகத்தின்மேல் இழுத்து உருட்டியபோதுதான் மெல்லப் பிறாண்டியது. அதன்பின் வண்ணம் ஒரு பக்கமாகவே சாய்ந்து பீய்ச்சியது.

0.3 என்பது நாசில், அதாவது வண்ணம் வெளிவரும் முனைக்குழல், அதன் துளையின் அளவு. ஊசி கூம்பாகச் சரிந்திருப்பதால், விசையை விரல் எவ்வளவு பின்னுக்கு இழுக்கிறதோ அவ்வளவே வழி திறக்கிறது. ஆகவே வண்ணத்தைப் பால் பதத்துக்குக் கரைத்து, காற்றழுத்தத்தை 15 பிஎஸ்ஐ அளவில் வைத்துக் கிட்டத்தில் பிடித்தால், 0.3 ஊசியிலேயே ஓரிரு மில்லிமீட்டர் கோடு விழும். உன் விமான மாதிரி அசலில் 72-இல் ஒரு பங்கு. பதினாறு மீட்டர் விமானம் ஒரு சாணுக்குள் அடங்கியிருக்கிறது. இரு நிறங்கள் கலக்கும் விளிம்பு அதில் 3 மில்லிமீட்டர் மங்கினால், அசலில் அது 21 சென்டிமீட்டருக்கு மேல். ஊசியை மாற்றுவதால் இது சரியாகாது, விரல்தான் பழக வேண்டும்.

அடிப்பூச்சான பிரைமருக்கும், துகள் பருத்த வெள்ளி வண்ணத்துக்கும் 0.5 நல்லது. எதை வாங்கினாலும் ஊசியையும் நாசிலையும் ஒரே அளவில் சோடியாக வாங்கு. நாசிலைத் திருகும்போது முரட்டுத்தனம் கூடாது, நெல்மணியைவிடச் சிறிய அந்தப் பித்தளைத் துண்டு எளிதில் விரிசல் விடும்.

ஆனித் தேருக்கு வரும்போது மாதிரியைக் கையோடு கொண்டு வா, என் 0.5 ஊசியில் பிரைமர் அடித்துத் தருகிறேன். சாரல் காற்று எட்டியிருந்தால் முனை காய்வதும் குறையும். ஆசையிருந்தால் அந்த 0.2-ஐயும் எடுத்துப் பார், புது ஊசி போட்டு வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்