பழைய கொரியப் படங்களையும் பேசுங்கள்

ஆசிரியருக்கு,

கொரியத் தொடர்கள் பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை புதியவற்றோடு நின்றுவிட்டதில் எனக்கு வருத்தம். 'பாரசைட்' படத்துக்குத் தூண்டுதலாக இயக்குநர் போங் ஜூன்-ஹோ குறிப்பிட்டது, கிம் கி-யோங் 1960-இல் எடுத்த 'தி ஹவுஸ்மெய்ட்' படத்தை. கறுப்பு வெள்ளையில் ஒரு மாடிவீடு, ஒரு படிக்கட்டு. அந்தப் படிக்கட்டை வைத்தே ஒரு குடும்பம் சரிவதைக் காட்டிவிடுகிறார். என்ன ஒரு துணிச்சல்!

2003-இல் தொடங்கிய 'டே ஜாங் கும்' தொடரின் 54 பகுதிகளையும் அம்மாவோடு பார்த்தேன். அரண்மனைச் சமையற்கட்டில் தொடங்கி அரச மருத்துவராகும் பெண்ணின் கதை அது. வசனம் புரியாத இடங்களிலும் அம்மா கண் கலங்கினார். கொரியத் திரைப்பட ஆவணக் காப்பகம் பழைய படங்கள் பலவற்றை யூடியூபில் இலவசமாகவே தருகிறது. வாரம் ஒன்றாக அவற்றை உங்கள் இணைப்பில் அறிமுகம் செய்யலாமே.