ரப்பர் பேண்டை அவர்களே கழற்றட்டும்

அன்புள்ள தோழிக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது? அடுத்த கடிதத்தில் மறக்காமல் எழுது. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

உனக்கு இரண்டாம் வகுப்பைக் கொடுத்திருக்கிறார்கள் என்று படித்ததும் எனக்கு ஒரே சந்தோஷம். நீயோ தண்டனை கிடைத்த மாதிரி புலம்பியிருக்கிறாய். முக்கோணவியல் நடத்தியவளுக்குக் கழித்தல் கணக்கா என்று கேட்கிறாய். போடி! முக்கோணவியலில் தடுமாறிய உன் பிள்ளைகளில் பலருக்குத் தடுமாற்றம் தொடங்கியதே இந்த இரண்டாம் வகுப்பில்தான்.

நாளைக்கே 42-லிருந்து 17-ஐக் கழிக்கச் சொல்லிப் பார். சிலர் 35 என்று எழுதுவார்கள். 2-லிருந்து 7 போகாது, அதனால் 7-லிருந்து 2-ஐ எடுத்துவிடுவார்கள். 4-ல் 1 போனால் 3. இதைக் கவனக்குறைவு என்று சிவப்பு மையால் அடித்துவிடாதே. அந்தப் பிள்ளைக்கு 42 என்பது பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் ஒரு 4, ஒரு 2, அவ்வளவுதான். 'பக்கத்தில் கடன் வாங்கு' என்று நாம் சொல்லிக்கொடுத்தால் விடை சரியாக வந்துவிடும். ஆனால் என் வகுப்பில் ஒருவன், "வாங்கின கடனை எப்போ டீச்சர் திருப்பிக் கொடுப்போம்?" என்று கேட்டான். நியாயமான கேள்வி.

குச்சிகளை எடு. பத்துப் பத்தாகக் கட்டி ரப்பர் பேண்ட் போடும் வேலையையும் பிள்ளைகளிடமே விடு. போன மாதம் ஒரு சிறுமி நான்கு கட்டுகளையும் இரண்டு உதிரிக் குச்சிகளையும் முன்னால் வைத்துக்கொண்டு 17-ஐ எடுக்கப் பார்த்தாள். 2-ல் 7-ஐ எப்படி எடுப்பது? வெகுநேரம் கட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு வாய் துறுதுறுத்தது, அடக்கிக்கொண்டேன். கடைசியில் மெதுவாக, "டீச்சர், ஒரு கட்டைப் பிரிக்கலாமா?" என்றாள். ரப்பர் பேண்டைக் கழற்றினாள். மூன்று கட்டுகள், பன்னிரண்டு உதிரி. ஏழு குச்சிகளை எடுத்தாள், ஒரு கட்டை நகர்த்தினாள். இரண்டு கட்டுகள், ஐந்து குச்சிகள். 25! யாரும் அவளுக்குக் கடன் வாங்கச் சொல்லித்தரவில்லை. பிரித்ததால் மொத்தக் குச்சிகள் குறைந்துவிட்டனவா என்று கேட்டேன். யோசித்துவிட்டு, "இல்லையே, இங்கேதானே இருக்கு" என்றாள். 42-ம், 30-ம் 12-ம் சேர்ந்ததும் ஒன்றுதான் என்பது அவள் கைக்குத் தெரிந்துவிட்டது.

என் கவலையே இந்த இடத்தில்தான். செயல்வழிக் கணிதம் என்ற பெயரில் பல வகுப்புகளில் டீச்சர் மேசையில் கட்டைப் பிரித்துக் காட்டுகிறார், பிள்ளைகள் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறார்கள். இல்லையென்றால் பத்து நிமிடம் விளையாட்டு, உடனே பொருள்கள் அலமாரிக்குள், பலகையில் கணக்கு. இரண்டுக்கும் நடுவே பாலமே இல்லை. எட்டு வயதிலேயே கணக்கு என்றால் முகம் சுருங்கும் பிள்ளைகளைப் பார்க்கும்போது எனக்கு வயிறு பிசைகிறது. அந்தப் பயம் பிறவியில் வந்ததில்லை, நாம் அவசரப்பட்டதால் வந்தது.

கல்வி உளவியலாளர் ஜெரோம் புரூனர் 1960-களில் சொன்னது உனக்கு நினைவிருக்கும். முதலில் கையால் செய்வது, பிறகு படம், அப்புறம்தான் குறியீடு. பரீட்சைக்கு மனப்பாடம் செய்தோமே, அதேதான். குச்சிகளை ஒதுக்கியதும் நேராக எண்ணுக்குத் தாவாதே. நீளக் கோடு பத்து, புள்ளி ஒன்று என்று நோட்டில் வரையட்டும். ஒரு கோட்டை அடித்துப் பத்துப் புள்ளிகள் போடுகிறவன், எண்ணால் எழுதும்போதும் என்ன செய்கிறோம் என்று தெரிந்தே எழுதுவான். தேவைப்படுகிறவன் மறுபடி குச்சிக்குப் போகட்டும். அதைக் கேவலமாக நினைக்க விடாதே.

பெல்ஜியத்து ஆசிரியர் கியூசினேர் உருவாக்கிய வண்ணக் கோல்களும் கிடைத்தால் நல்லது. 1 சென்டிமீட்டரிலிருந்து 10 வரை பத்து நீளங்கள், எதிலும் எண் இருக்காது. கிடைக்காவிட்டால் அட்டையில் வெட்டிக்கொள். பத்து சென்டிமீட்டர் நீள ஆரஞ்சுக் கோலுக்குச் சமமாக இரண்டிரண்டு கோல்களை அடுக்கச் சொன்னால் 9-ம் 1-ம், 8-ம் 2-ம் என்று பத்தின் ஜோடிகள் எல்லாம் தாமாகவே வரிசையாக வந்து நிற்கும்.

பெருக்கலுக்கு வந்ததும் சதுர அட்டைகளைக் கொடு. பன்னிரண்டு அட்டைகளை எத்தனை விதமாகச் செவ்வகமாக அடுக்கலாம்? 3-க்கு 4, 2-க்கு 6, ஒரே வரிசை. பிறகு ஏழு கொடு. திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்துவிட்டு, "இது ஒரே வரிசையில்தான் நிற்குது டீச்சர்" என்பார்கள். பகா எண் என்ற பெயரை அப்போது சொல்லாதே. பதினொன்று, பதின்மூன்று என்று அவர்களே தேடிப் போவார்கள்.

எதைச் செய்தாலும் ஒரு கேள்வியை விட்டுவிடாதே: "உனக்கு எப்படித் தெரிஞ்சுது?" சரியாகச் சொன்னவனிடமும் கேள். தப்பானால் மட்டும் கேட்டால், கேள்வி வந்ததுமே விடையை அழிக்க ஆரம்பித்துவிடுவார்கள். நோட்டு காலியாக இருக்கிறதே என்று பெற்றோர் கேட்டால் கோடும் புள்ளியும் வரைந்த பக்கங்களைக் காட்டு. உன் வாய்ச் சாமர்த்தியத்துக்கு இதெல்லாம் பெரிய விஷயமா?

42-லிருந்து 17 கணக்கைக் கொடுத்துப் பார்த்துவிட்டு, பிள்ளைகள் சொன்னதை அவர்கள் வார்த்தையிலேயே எழுது. 35 என்று சொன்னவர்களைப் பற்றி முதலில் எழுது.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழி