கடலோர நகரங்களின் அழகு யாரால் வந்தது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செல்வந்தர்கள் வாழும் கடலோரச் சிறுநகரங்களைப் பற்றித் தங்கள் ஞாயிறு இதழில் வெளியான கட்டுரையை விரும்பிப் படித்தேன். படகுத்துறைகள், குறுகிய தெருக்கள், கடலைப் பார்த்த மாளிகைகள் என அவற்றின் வசீகரத்தைக் கட்டுரையாளர் நன்றாகவே விவரித்திருக்கிறார். ஆனால், அந்த வசீகரமெல்லாம் அங்கே குடியேறிய பணத்தால் விளைந்தது என்ற தொனியை ஏற்க இயலவில்லை.

அமெரிக்காவின் நான்டக்கெட் தீவையே எடுத்துக்கொள்ளலாம். ஒரு காலத்தில் திமிங்கில வேட்டைக்கு உலகப் புகழ்பெற்றிருந்த அத்துறைமுகம், 1846-ஆம் ஆண்டின் பெருந்தீயாலும், துறையின் வாயில் மணல் மேடிட்டதாலும், பின்னர் மண்ணெண்ணெய் வந்து திமிங்கில எண்ணெயின் மதிப்பு சரிந்ததாலும் நொடித்துப்போனது. பழைய வீடுகளை இடித்துப் புதிதாகக் கட்ட வசதியில்லாததால்தான், தீக்குத் தப்பிய கப்பல் தலைவர்களின் வீடுகள் பிழைத்தன. அவற்றின் சுவர்களில் ஓடு போல அடுக்கி அறைந்த சீடர் மரச் சில்லுகள் உப்புக்காற்றில் வெளுத்து வெள்ளிச் சாம்பல் நிறம் கொள்வதை இன்று எல்லோரும் ரசிக்கிறார்கள். வண்ணம் பூசும் செலவு இல்லை என்பதே முன்பு அதன் சிறப்பு. 1955-இல் சட்டப் பாதுகாப்பும் கிடைத்தது. ஆக, வறுமை காத்து வைத்திருந்த அழகைத்தான் பின்னால் வந்த செல்வம் விலை கொடுத்து வாங்கியது.

ரோட் ஐலண்ட் மாநிலத்து நியூபோர்ட் நகரின் கதை வேறு. அங்கே பணத்தால் எழுந்த மாளிகைகளின் பிரம்மாண்டத்தை மறுப்பதற்கில்லை. ரயில்வே தொழிலில் பெருஞ்செல்வம் சேர்த்த வான்டர்பில்ட் குடும்பத்துக்காக 70 அறைகளுடன் 1895-இல் கட்டி முடிக்கப்பட்ட 'பிரேக்கர்ஸ்' மாளிகையின் புல்வெளிக்கும் கடலுக்கும் நடுவே 'கிளிஃப் வாக்' என்னும் பாறைக்கரைப் பாதை செல்கிறது. சுமார் 5.6 கிலோமீட்டர் நீளமுள்ள அதில் எவரும் கட்டணமின்றி நடக்கலாம். அப்பாதையிலிருந்து கடலுக்கு இறங்கும் 'நாற்பது படிகள்' என்னுமிடத்தில் மாளிகைப் பணியாளர்கள் ஓய்வு நேரங்களில் கூடி ஆடிப் பாடினார்கள் என்பார்கள். என்னைக் கேட்டால், நகரின் குணத்தை மாளிகையைவிட அந்தப் படிகளே கூடுதலாகச் சொல்கின்றன. பிரான்சிலும் கடலோரத் தனியார் நிலங்களின் விளிம்பில் மூன்று மீட்டர் அகலத்தைப் பாதசாரிகளுக்கு விடவேண்டும் என்று 1976-ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. செயின்ட் ட்ரோபே போன்ற ஊர்களில் வெளியூர்வாசி ஒருவர் மாளிகைத் தோட்டங்களை ஒட்டிக் கடலோரமாக நடக்க முடிவது அதனால்தான்.

கட்டுரை தொடாமல் விட்ட இன்னொன்று, இத்தகைய ஊர்களின் குளிர்காலம். விடுமுறைக்கு மட்டும் திறக்கும் வீடுகள் பெருகினால், மீனவரும் கடைக்காரரும் ஆசிரியரும் வாடகை கொடுக்க முடியாமல் வெளியேறுகிறார்கள். இங்கிலாந்தின் செயின்ட் ஐவ்ஸ் மக்கள், புதிதாகக் கட்டும் வீடுகளில் நிரந்தரமாக வசிப்போர் மட்டுமே இருக்கவேண்டும் என்ற விதியை 2016-இல் வாக்கெடுப்பின் மூலம் ஏற்றார்கள். பழைய வீடுகளை அவ்விதி கட்டுப்படுத்தாது என்பது பெரிய ஓட்டைதான். ஆயினும், யாருக்காக இந்த ஊர் என்று வெளிப்படையாகக் கேட்டவர்கள் அவர்கள்.

இதே கட்டுரையாளர் அந்தக் குளிர்கால ஊர்களைப் பற்றியும் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர் ஒருவர்