கடைசித் தெருவுக்கு முதல் தண்ணீர்

அன்புள்ள வடிவு,

பொங்கலுக்கு நீ அனுப்பிய புடவைக்கு இன்னும் நன்றி சொல்லவில்லை. திட்டுவதானால் போனில் திட்டிக்கொள். இங்கே எல்லோரும் சௌக்கியம். சின்ன அத்தைக்குக் கண் அறுவை முடிந்ததிலிருந்து என் சோற்றில் இருக்கும் கல்லெல்லாம் தெரிகிறதாம்.

விஷயம் வேறு. நம் ஊர் இனி ஊராட்சி இல்லையடி; மாநகராட்சியோடு சேர்த்துவிட்டார்கள். டவுன்காரியாகப் போகிறேன் என்று பீற்றிக்கொண்டு நீ பஸ் ஏறினாய். நான் திண்ணையை விட்டு இறங்காமலேயே ஆகிவிட்டேன்!

நூறு நாள் வேலை போயிற்றே என்று கீழத்தெருவில் புலம்பல். மனை விலை ஏறுமென்று மேலத்தெருவில் பாயசம். எனக்கு அடித்துக்கொள்வது கிராம சபைக்காக. ஆண்டுக்கு ஆறு கூட்டம் என்று ஆகியிருந்ததே, அத்தனையும் போயிற்று.

ராக்காயி அக்காவை நினைவிருக்கிறதா? நான் வார்டு உறுப்பினராக இருந்தபோது, ஓர் அக்டோபர் 2 கூட்டத்தில் கூட்டம் நடத்தத் தேவையான தலை எண்ணிக்கை சேரவில்லையென்று சுண்டல் ஆசை காட்டி இழுத்து வந்தேன். மேட்டுத்தெருவுக்குத் தண்ணீர் ஏற இன்னொரு தொட்டி கட்ட வேண்டுமென்று பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. அக்கா எழுந்தாள். "தொட்டி நிறைந்திருக்கும்போது எங்களுக்கு முதலில் திற. பள்ளத்துக்கு மிச்சம் தானே ஓடும்." தண்ணீர் திறப்பவர் சிரித்தார். ஒரு வாரம் செய்துதான் பார்ப்போமே என்றேன். தெருமுனைக் குழியில் சைக்கிள் டியூப் சுற்றிய அந்த வால்வை அவர் முணுமுணுத்தபடி திருகினார். மூன்றாம் நாள் அக்காவின் பிளாஸ்டிக் குடம் தண்ணீர் வேகத்தில் உருண்டு ஓடியது. புதுத் தொட்டிப் பேச்சு அத்தோடு நின்றது.

மேட்டுப்பாளையம் பக்கம் ஓடந்துறைக்குப் போனோமே, நினைவிருக்கிறதா? 2006-இல் ஓர் ஊராட்சி கடன் வாங்கி 350 கிலோவாட் காற்றாலை வாங்கியதாமே என்று வாய் பிளந்து போய், அது உடுமலைப் பக்கம் நிற்கிறது என்று தெரியாமல் நீ வானத்தையே தேடினாய். அந்த ஆசையெல்லாம் கூட்டத்தில் பேசிப் பேசித்தானே பிறக்கும்?

இப்போது தண்ணீர் திறக்க வந்திருக்கும் ஆளுக்கு எங்கள் மேடு பள்ளம் தெரியாது. பழைய முறையே திரும்பிவிட்டது. புகார் சொல்லச் செயலி இருக்கிறது. அதில் 'தண்ணீர் வரவில்லை' என்பதற்குக் கட்டம் உண்டு. 'எனக்கு ஒன்று தோன்றுகிறது' என்பதற்கு இல்லை.

நகரங்களிலும் 2022 நவம்பர் 1 முதல் கிராம சபை போலவே பகுதி சபை கூட்டுகிறார்களே என்பாய். போனேன். சால்வை, மைக், தேநீர். நான் வாய் திறந்ததும் "மனுவாகக் கொடுங்கள்" என்றார்கள். மனுவா! வால்வைத் திருகிக் காட்ட வேண்டிய விஷயமடி அது.

இத்தனை வருடமாக அங்கே இருக்கிறாயே, உன் வார்டில் ஒரு கூட்டத்துக்காவது போயிருக்கிறாயா? பொய் சொல்லாதே, உன் குரலிலேயே தெரிந்துவிடும். அடுத்த கூட்டத்துக்கு ராக்காயி அக்காவையும் கூட்டிப் போகப் போகிறேன். வர மறுக்கிறாள், சுண்டலுக்கு மசியும் வயதெல்லாம் தாண்டிவிட்டதாம். நீ கூப்பிட்டால் வருவாள். ஞாயிற்றுக்கிழமை அவளுக்குப் போன் செய்.

அன்புடன்,
கனகா