செரோக்கி மந்திரங்களைத் தரவாக அள்ள வேண்டாம்: தமிழ்ப் பொறியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மொழித் தொழில்நுட்பத் துறையில் வேலை செய்யும் தமிழ்ப் பொறியாளர்களுக்கு,

வணக்கம். இணையத்தில் அதிகம் புழங்காத மொழிகளில், எழுதும் இயந்திரங்களைப் பயிற்றுவிக்க உரைத் தரவு திரட்டும் பணி இன்று உங்களில் பலருக்கு வந்து சேர்கிறது. அந்த மொழிகளில் அமெரிக்கப் பழங்குடி மொழியான செரோக்கியும் ஒன்று. அதில் கிடைப்பதே சொற்பம் என்பதால், கண்ணில் படுவதையெல்லாம் எடுத்துக்கொள்ளத் தோன்றும். அவற்றில் ஒன்றை மட்டும் தொட வேண்டாம் என்று கேட்கவே இதை எழுதுகிறேன். செரோக்கி வைத்தியர்களின் மந்திரங்களைத்தான் சொல்கிறேன்.

அவை வெளியே வந்த கதை உங்களுக்குத் தெரிய வேண்டும். 1887இல் ஜேம்ஸ் மூனி என்ற அரசு ஆய்வாளர், வட கரோலினா மலைகளில் இருக்கும் செரோக்கி ஊர்களுக்குப் போனார். ஸ்விம்மர் என்று அறியப்பட்ட வைத்தியர் அவருக்குக் கதைகளைத் தாராளமாகச் சொன்னார். வேட்டைப் பாட்டு என்றதும் பிடிகொடுக்கவில்லை. ஒரு பாட்டைக் கற்றுக்கொள்ள வேட்டைக்காரர்கள் ஐந்து டாலர் வரை கொடுத்த காலம் அது. வெளியாரிடம் சொல்லக் கூடாது என்று மற்ற வைத்தியர்களும் தடுத்தார்கள். மூனி விடவில்லை, ஸ்விம்மரின் பெருமிதத்தைச் சீண்டி இணங்க வைத்தார். கடைசியில் ஸ்விம்மர் ஒரு நோட்டைக் காட்டினார். சுமார் 240 பக்கம். பாதி வரை செரோக்கி எழுத்தில் நிரம்பியிருந்தது. உள்ளே 137 மந்திரங்கள். அந்த நோட்டு வாஷிங்டனுக்குப் போய்விட்டது. இப்படிப் பலரிடமிருந்து சேர்த்த ஏறக்குறைய 600 மந்திரங்களில் சிலவற்றை மூனி 1891இல் அச்சிட்டார். சம்மதம் எப்படிப் பெறப்பட்டது என்பதை அவரே மறைக்காமல் எழுதியிருக்கிறார்.

மூனி சேகரிக்காமல் விட்டிருந்தால் அழிந்திருக்கக்கூடியவையும் அதில் உண்டு. அதை மறுக்கவில்லை. ஆனால் பதிப்புரிமைக் காலம் முடிந்துவிட்டது என்பதாலேயே அவை பொதுச்சொத்து ஆகிவிடாது. நோய் தீர்க்க, வேட்டைக்கு, பந்தாட்டத்துக்கு, காதலுக்கு, பகைவனை வீழ்த்த என்று தனித்தனி மந்திரங்கள் உண்டு. நோயாளியின் பெயரையும் குலத்தையும் சேர்த்து, பக்கத்தில் நிற்பவர் காதிலும் விழாதபடி முணுமுணுக்கும் வழக்கம் இருந்தது. தகுதி பார்த்து, ஒருவருக்கு ஒருவர் கொடுத்துவந்த அறிவு அது.

எழுதி வைத்தாலே அது எல்லோருக்கும்தானே என்று சிலர் கேட்கலாம். இல்லை. ஆங்கிலம் வாசிக்கத் தெரியாத செக்வோயா, 1821 வாக்கில் தம் மொழிக்கு ஓர் அசையெழுத்தை உருவாக்கி முடித்தார். 1828 பிப்ரவரியில் ஜார்ஜியாவின் நியூ எகோட்டாவில் அந்த எழுத்தில் செய்தித்தாள் வெளிவந்தது. அதே ஆண்டில், அலபாமாவின் மேனிட்டூ குகைச் சுவரில், ஒரு பந்தாட்டத்தையொட்டிய சடங்கைப் பற்றி அதே எழுத்தில் சிலர் எழுதி வைத்தார்கள். அந்தக் குகையின் கூரையில் சில வரிகள் தலைகீழ்த் திசையில், வலமிருந்து இடமாக இருக்கின்றன. பாறைக்குள் உறையும் ஆவிகள் படிப்பதற்காக எழுதியவை அவை என்று, செரோக்கி அறிஞர்களும் இடம்பெற்ற ஆய்வுக்குழு 2019இல் வெளியிட்டது. ஊருக்கெல்லாம் அச்சிட்ட எழுத்தும், எந்த மனிதர் கண்ணுக்கும் எழுதாத எழுத்தும் ஒன்றுதான். உங்கள் நிரலுக்கு இந்த வேறுபாடு தெரியாது. அதனால்தான் நீங்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

செரோக்கி மக்கள் தொழில்நுட்பத்துக்கு எதிரானவர்கள் அல்லர். அவர்களுடைய எழுத்து 1999இலேயே யூனிகோடில் இடம்பெற்றது. செரோக்கிகளின் அரசுகளில் ஒன்றான செரோக்கி நேஷன், ஆப்பிள் நிறுவனத்தோடு சேர்ந்து உழைத்ததால் 2010இல் ஐபோனுக்கும் வந்தது. பிள்ளைகள் தங்கள் மொழியில் குறுஞ்செய்தி அனுப்ப வேண்டும் என்று அவர்களே விரும்பிக் கேட்டுப் பெற்றவை இவை. அவர்கள் கேட்டதைச் செய்து கொடுங்கள், கேட்காததை எடுத்துக்கொள்ளாதீர்கள்.

2019 வாக்கில் சரளமாகப் பேசியவர்கள் சுமார் 2,000 பேர்தான், பெரும்பாலோர் முதியவர்கள். அந்த ஆண்டில் மூன்று செரோக்கி அரசுகளும் சேர்ந்து மொழிக்கு நெருக்கடி நிலை அறிவித்தன. இந்த நிலையில் ஓர் இயந்திரம் மந்திரம் போன்ற எதையோ இட்டுக்கட்டித் தந்தால், அது தவறு என்று சொல்லும் பெரியவர், அதைப் படிக்கும் பிள்ளையின் வீட்டில் இல்லாமல் போகலாம். போலி எது, பாட்டனார் சொன்னது எது என்று அந்தப் பிள்ளை எப்படிப் பிரிப்பான்? இந்தக் கவலைதான் என்னை எழுத வைத்தது.

ஆகவே, 1891ஆம் ஆண்டுத் தொகுப்பையும், ஸ்விம்மரின் நோட்டிலிருந்து 1932இல் அச்சான நூலையும், ஆவணக் காப்பகங்களில் இருக்கும் வைத்தியர் நோட்டுகளின் படங்களையும் உங்கள் தரவிலிருந்து நீக்குங்கள். செரோக்கியில் பிரார்த்தனை எழுதித் தரச் சொன்னால் உங்கள் கருவி மறுக்கட்டும். மற்ற நூல்களை எடுப்பதற்கு முன்பும் ஓக்லஹோமாவின் தாலக்வாவில் இருக்கும் செரோக்கி நேஷனின் மொழித் துறைக்கும், வட கரோலினாவின் கிழக்குச் செரோக்கி மக்களுக்கும் எழுதிக் கேளுங்கள். பதில் வரத் தாமதமானால் காத்திருங்கள். வேண்டாம் என்று சொன்னால், காரணம் கேட்காமல் விட்டுவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் துறையைச் சேர்ந்த ஒருவர்