தீபாவளி ஜவுளி: புதன் இரவுக்குள் பதில் தேவை

அனைவருக்கும் வணக்கம். நவம்பர் 8 தீபாவளி. அக்டோபர் 17 சனிக்கிழமை காலை 10 மணிக்கு எழும்பூர் கோ-ஆப்டெக்ஸ் போகிறோம். பண்டிகைத் தள்ளுபடி இருக்கும்போதே எடுத்துவிடலாம். கடைசி வாரம் போனால் நல்ல நிறங்கள் தீர்ந்திருக்கும்.

1. வருபவர்கள் வீட்டு எண், எத்தனை பேர், செலவு வரம்பு ஆகியவற்றை 14ஆம் தேதி புதன் இரவு 9-க்குள் இங்கே போடுங்கள்.

2. உங்களுக்குத் தேவைப்படாத கூப்பன் இருந்தால் அதன் குறியீடு, கடைசித் தேதி, குறைந்தபட்ச பில் தொகையோடு பகிருங்கள். ஓ.டி.பி., கார்டு எண் போடவே கூடாது.

3. ஆன்லைனில் வாங்குவோர் பொடி எழுத்தை அவசியம் படியுங்கள். "இந்த கார்டுக்கு 10% தள்ளுபடி, அதிகபட்சம் ரூ.1,500" என்றால் ரூ.20,000 பில்லுக்குக் கிடைப்பது 7.5%தான். பில் ரூ.15,000-ஐத் தாண்டினால், மீதிப் பொருளை வேறு கார்டில், தனி ஆர்டராகப் போடுங்கள். அளவு சரியாக இருக்குமா என்று சந்தேகமான உடையையும் தனியாகவே வாங்குங்கள். ஒன்றைத் திருப்பியதும் பில் குறைந்தபட்சத் தொகைக்குக் கீழே போனால், கூப்பன் சலுகையைத் திரும்பப் பிடித்துக்கொள்ளலாம்.

4. க்ளியரன்ஸ் துணியைப் பெரும்பாலும் மாற்றித் தர மாட்டார்கள். முழுக்கப் பிரித்து, வாசல் வெளிச்சத்தில் பாருங்கள். பல மாதம் அலமாரியில் இருந்த துணியில் வெளிமடிப்பு ஓரமாக வெளிறிய கோடு விழுந்திருக்கும், துவைத்தாலும் போகாது. குழந்தைகள் உடையில் ஜிப்பை இரண்டு முறை இழுத்துப் பாருங்கள்.

5. விலை குறைந்ததா என்று தெரிய, வேண்டிய பொருளின் இன்றைய விலையை இப்போதே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

வர இயலாதவர்களும் "இல்லை" என்று ஒரு வரி போட்டுவிடுங்கள். வேன் சொல்ல வேண்டும்.